பத்தாம் கோள், நான்காம் பகுதி: ஒரு நாட்குறிப்பு

நவம்பர் 11

பிலிம் கேன் வரவில்லை.

நவம்பர் 12

சீட்டின் படம் மட்டும் வந்திருக்கிறது. 'தி டென்த் பிளானெட்' என்ற தலைப்பு தெளிவாக இருக்கிறது. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1966-ல் வந்த நான்கு பகுதிக் கதை. பகுதி எண் இருக்க வேண்டிய இடம் கிழிந்திருக்கிறது. முதல் மூன்று பகுதிகளும் பத்திரமாக இருப்பவை, நான்காவது மட்டுமே தொலைந்தது. அப்படியானால் நாலுக்கு மூன்று பங்கு, இது ஏற்கெனவே இருப்பதன் இன்னொரு பிரிண்ட். மனம் அந்தக் கணக்கை ஏற்க மாட்டேன் என்கிறது.

நவம்பர் 13

ரீலின் குறுக்களவைக் கேட்டு எழுதியாயிற்று. 16 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 40 பிரேம். நொடிக்கு 25 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 37.5 அடி. 'டாக்டர் ஹூ' பகுதி ஒன்று சுமார் 24 நிமிடம், எனவே 900 அடி. இது 400 அடி ரீலில் அடங்காது. பதில் "சின்ன ரீல்" என்று வந்தால் அதோடு போச்சு.

நவம்பர் 14

பெரிய ரீல்தான்.

நவம்பர் 15

ராத்திரி முழுக்க ஒலி வேலை. படம் போய்விட்டாலும் நான்காம் பகுதியின் ஒலி இருக்கிறது. 1966 அக்டோபர் 29 அன்று ஒளிபரப்பானபோது ரசிகர்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்தது. அந்த ரெக்கார்டர்கள் ஒரே வேகத்தில் ஓடியவை அல்ல. சரியான வேகத்தைச் சொல்வது பின்னணியில் கிடக்கும் மின்சார ரீங்காரம். பிரிட்டனில் அது 50 ஹெர்ட்ஸ். டேப்பில் 49.6 காட்டினால் ஒலி மெதுவாக ஓடுகிறது, 1.008 மடங்கு வேகம் கூட்ட வேண்டும். சின்ன எண்தான், ஆனால் கடைசிக் காட்சிக்கு வரும்போது 11 நொடிக்கு மேல் விலகியிருக்கும்.

50-லேயே பார்த்தால் 0.1 வித்தியாசத்தைப் பிடிக்க குறைந்தது 10 நொடித் துண்டு வேண்டும். ஆறாம் மடங்கான 300-ல் பார்த்தால் விலகலும் ஆறு மடங்காகத் தெரியும். பொறி ஒன்று உண்டு: டேப்பைக் கணினிக்கு ஏற்றிய இயந்திரமும் தன் பங்குக்கு ஒரு ரீங்காரத்தைச் சேர்த்திருக்கும். அது அசையாமல் 50-லேயே நிற்கும். அதை நம்பினால் டேப்பில் பிழையே இல்லை என்று தோன்றும். அலைந்துகொண்டிருக்கும் கோடுதான் பழையது. திருத்தும்போது சுருதியும் சேர்ந்து மாறட்டும், நீளத்தை மட்டும் இழுக்கும் கருவியைத் தொடக்கூடாது. டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலின் குரல் உலோகமாகிவிடும்.

நவம்பர் 16

ஹார்ட்னெல் கடைசியாகச் சொல்வது, கதகதப்பாக இரு என்று. கதை நடக்கும் தென் துருவத்தில் நின்றுகொண்டு.

நவம்பர் 17

ஜான் கியூரா டிவி திரையை 35 மி.மீ. கேமராவால் எடுத்து விற்ற டெலிஸ்னாப்கள் இந்தப் பகுதிக்கும் உண்டு. ஒரு பகுதிக்கு 60, 70 படம். இருபது நொடிக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டாலும், நடுவில் யார் எழுந்தார், யார் கதவைப் பார்த்தார் என்பது யாருக்கும் தெரியாது. படத்தின் அளவைக் குறைக்கும்போது 405 வரித் திரையின் கோடுகள் அலைஅலையாக நெளியும். முதலில் செங்குத்துத் திசையில் லேசாக மங்கலாக்கிவிட்டு, பிறகு அளவு மாற்ற வேண்டும். கூர்மையாக்கும் ஆசையை அடக்க வேண்டும். முகம் போய் கோடு மிஞ்சும்.

நவம்பர் 18

பிபிசியே அழித்தது. இரண்டு அங்குல வீடியோ டேப் விலை அதிகம், மேலே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். வெளிநாட்டு விற்பனைக்கான 16 மி.மீ. பிலிம் பிரதிகளையும் 1970களில் குப்பைக்கு அனுப்பினார்கள். நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கிடந்த 9 பகுதிகள் 2013-ல் வந்த பிறகும் 97 பகுதிகள் இல்லாமலே இருந்தன. இதை எத்தனை முறை எழுதினாலும் ஆறவில்லை.

நவம்பர் 19

மூன்றாம் பகுதியில் ஹார்ட்னெலுக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. டாக்டர் மயங்கிக் கிடப்பதாகக் கதையை மாற்றி, அவர் வசனத்தை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இந்த ரீலில் அவர் முகத்தோடு நின்று பேசினால் அது மூன்று அல்ல. ஒன்றா, இரண்டா, நான்கா என்பதே மிச்சம்.

நவம்பர் 20

வந்துவிட்டது.

மூடியைத் திறந்ததும் காடி நாற்றம். அசிடேட் பிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது. அமிலத்தின் அளவை நிறம் மாறிக் காட்டும் காகிதத்தை உள்ளே வைத்து மூடியாயிற்று. அறை வெப்பத்தில் 24 மணி நேரம். மற்ற ரீல்களை வேறு அறைக்கு மாற்றியாகிவிட்டது, இந்த ஆவி அவற்றையும் கெடுக்கும்.

நவம்பர் 21

காகிதம் நீலமாகவே இருந்தால் நல்லது, மஞ்சளானால் காலம் கடந்தது. இது பச்சை, நிலை 2. 1.5-ஐத் தாண்டினாலே சிதைவு தன்னைத் தானே வேகப்படுத்திக்கொள்ளும். நாள் கடத்த முடியாது.

சுருக்கத்தை அளந்தேன். புதிய பிரிண்டில் 100 பிரேம் 762 மி.மீ. இருக்க வேண்டும். இதில் 756. கிட்டத்தட்ட 0.8 சதவீதம். 1-ஐ நெருங்கிய பிலிமை ப்ரொஜெக்டரில் ஏற்றக்கூடாது, பற்சக்கரம் துளையைக் கிழிக்கும். பற்சக்கரம் இல்லாத ஸ்கேனர்தான். அதற்கு முன் கையால் சுற்றி, பிலிமை ஒட்டிய ஒவ்வோர் இடத்தையும் பார்க்க வேண்டும்.

நவம்பர் 22

தூக்கமில்லை. நான்காம் பகுதியைப் பதிவு செய்த ரிவர்சைட் ஸ்டூடியோவின் காட்சிக் கலவை மேசையில் ஒரு கோளாறு இருந்தது, படத்தை அளவுக்கு மீறி வெளுக்க விட்டது. அந்த மேசையை இயக்கிய ஷெர்லி கவர்ட் அந்தக் கோளாறையே பிடித்துக்கொண்டு ஹார்ட்னெலின் முகத்தை வெளிச்சத்தில் கரைத்து, அடுத்த டாக்டரான பேட்ரிக் ட்ரௌட்டனின் முகத்தை எழுப்பினார். அதற்கு இன்று நாம் சொல்லும் 'ரீஜெனரேஷன்' என்ற பெயரே 1974-ல்தான் தொடரில் வந்தது. அந்தத் துண்டு மட்டும் பிழைத்தது, 1973-ல் 'புளூ பீட்டர்' சிறுவர் நிகழ்ச்சியில் காட்டியதால். அதனால் அந்த முகம் தெரிந்தாலும் போதாது. அதற்கு முந்தைய அடிகள் வேண்டும்.

நவம்பர் 23

1963-ல் இதே நாள்தான் 'டாக்டர் ஹூ' தொடரின் முதல் பகுதி. அன்று சனிக்கிழமை.

நவம்பர் 24

வால் வெளியே இருக்கும்படி சுற்றியிருக்கிறார்கள். ஆகவே கடைசிப் பெயர் வரிசைதான் முதலில். நைட்ரைல் கையுறை, லைட் பாக்ஸ், 8 மடங்கு பெரிதாக்கும் லூப். ஓர் அடி சுற்ற ஒரு நிமிடம். முதல் இரண்டு அடியில் துளைகள் கிழிந்திருக்கின்றன, பட டேப் போட்டாயிற்று. ஐந்தாம் அடியில் வெள்ளை எழுத்துகள். அதில் பகுதி எண் இருக்காது.

நடிகர் பட்டியல் மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் பெரும்பாலும் ஒன்றே. இதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது.

18 அடி. எழுத்துகள் முடிந்தன. பிலிம் இங்கே வளைந்திருக்கிறது, லூப் வைத்தால் பாதிதான் கூர்மையாகத் தெரிகிறது. ஒரு தரை. யாரோ படுத்திருக்கிறார்கள். மூன்றாம் பகுதியிலும் டாக்டர் படுத்துத்தான் கிடப்பார்.

19 அடி. வெளிச்சம் கூடிக்கொண்டே