உள்கோட்டின் மூலை மூன்று ராத்திரி தின்றது

ஒரு வழியாக வீட்டுப் பெயர்ப்பலகையின் வெளிக்கோடும் உள்கோடும் ஒத்துப்போய்விட்டன. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செவ்வகம் போட்டு மூலையை வளைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று என் தம்பி கேட்டான். எனக்கு மூன்று ராத்திரி போனது.

பலகை 240க்கு 120 மி.மீ., மூலை ஆரம் 20. முதலில் 160 அகலத்தில் வரைந்துவிட்டு அப்புறம் இழுத்து நீட்டினேன், மூலைகள் தேய்ந்த சோப்பு மாதிரி ஆகிவிட்டன. பார்த்தால் ஆர்எக்ஸ் (மூலையின் கிடைமட்ட ஆரம்) 30, ஆர்ஒய் (செங்குத்து ஆரம்) 20. அளவை மாற்றும்போது ஆரத்தையும் சேர்த்து மாற்றுகிற பொத்தான் மேல்பட்டையில் அமுங்கியே இருந்திருக்கிறது! இத்தனை நாளாக அதை நான் சீண்டியதே இல்லை.

அது சில்லறைத் தொல்லை. வில்லங்கம் உள்கோட்டில்தான். 8 மி.மீ. தள்ளி உள்ளே இன்னொரு செவ்வகம், அதற்கும் அதே 20. திரையில் நன்றாகத்தான் இருந்தது, ஏ4 தாளில் அச்சிட்டுக் கதவில் ஒட்டினால் நாலு மூலையிலும் கோடு உள்வாங்கி நிற்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன்: பக்கங்களில் 8, மூலையில் குறுக்காக 11 தாண்டுகிறது. இரண்டு வளைவுக்கும் மையம் ஒன்றாக இருந்தால்தானே இடைவெளி மாறாது? அப்படியானால் உள் ஆரம் 20-இல் 8 போக 12. போட்டேன், சுற்றிலும் கச்சிதமாக 8.

கோட்டை இணையாகத் தள்ளும் கண்ட்ரோல் ஜே அடித்து உள்ளே இழுத்தால் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும், தெரியும். ஆனால் செவ்வகம் பாதையாகிவிடும், அதாவது வெறும் கோட்டு வடிவம்; ஆரம் தட்டும் பெட்டி போய்விடும். எனக்கு எண் தட்ட இடம் வேண்டும்.

கதவு எண்ணுக்காக வலது மேல் மூலையில் உள்ளே போகிற மாதிரி ஒரு வெட்டு வைத்தேன், அதன் மூலைகளை வளைக்க இங்க்ஸ்கேப்பின் கார்னர்ஸ் எஃபெக்ட். ஷிஃப்ட்டோடு கைப்பிடியைச் சொடுக்கினால் ஆரத்தை எண்ணாகவே கொடுக்கலாம், இழுத்துக்கொண்டு மல்லாட வேண்டாம். இங்கேயும் 8 கழித்தேன், கேவலமாக வந்தது. வெட்டு உள்நோக்கி மடிகிற மூலையில் கணக்கு தலைகீழ், கூட்ட வேண்டும்: வெளிக்கோட்டில் 6 என்றால் உள்கோட்டில் 14. இது உறைக்கத்தான் மூன்றாவது ராத்திரி.

லேசர் கடையில் நிமிடக் கணக்கில் காசு, அதனால் உள்கோட்டை வெட்டாமல் மேலாகக் கீறச் சொல்லப்போகிறேன். 3 மி.மீ. கறுப்பு அக்ரிலிக் வாங்கி வைத்தாயிற்று. மிச்சத் துண்டில் சாவிக்கொத்து போடலாம், அதற்கு ஆரம் 5 போதும். பலகையில் பெயர் எழுத்து இன்னும் தொடவே இல்லை, வீட்டில் யார் பெயர் முதலில் என்பதே முடிவாகவில்லை.