ஐஸ் பெட்டியும் ஒரு கொன்ஸ்டும்

திருகோணமலைக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், மீன் வாங்கி விற்கும் ஒரு வியாபாரிக்குக் கணக்கு மென்பொருள் எழுதினோம். சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழியில் 'கொள்முதல்' ஓர் அடிப்படை வகுப்பு, அதாவது தரவையும் அதற்கான வேலைகளையும் சேர்த்து வைக்கும் அச்சு. அதன் வழியில் வந்தது 'ஐஸ் பெட்டிக் கொள்முதல்'. இரண்டிலும் 'தொகை' என்ற ஃபங்ஷன், அதாவது கணக்குப் போடும் நிரல் துண்டு, உண்டு. ஐஸ் பெட்டிக்கு மட்டும் ஐஸின் எடையைக் கழித்துவிட்டு விலையால் பெருக்க வேண்டும்.

ஒரு கிழமை ஓடியது. ஒருநாள் காலையில் வியாபாரி சிட்டைகளோடு வந்து நின்றார். "தம்பி, ஐஸுக்கும் காசு குடுக்கிறமே?" சூரை மீன் வந்த பெட்டிகளுக்கு, ஐஸோடு நிறுத்த எடைக்கே பணம் போயிருந்தது.

எனக்கு நம்ப முடியவில்லை. நான் சோதித்துப் பார்த்துத்தான் கொடுத்திருந்தேன். ஆனால் சோதனையில் ஐஸ் பெட்டியை நேரடியாக அழைத்திருந்தேன். உண்மையான ஓட்டத்தில் எல்லாக் கொள்முதலும் ஒரே பட்டியலில், அடிப்படை வகுப்பின் பொயின்டராக, அதாவது பொருள் இருக்கும் இடத்தைச் சுட்டும் முகவரியாக, இருந்தன. வழியில் வந்த வகுப்பு இதை மாற்றி எழுதலாம் என்று சொல்லும் வேர்ச்சுவல் என்ற சொல்லை அடிப்படை வகுப்பில் போட மறந்துவிட்டேனோ என்று அன்று பகல் முழுக்கத் தேடினேன். அது இருந்தது.

கடைசியில் பக்கத்து மேசைத் தங்கச்சிதான் கண்டுபிடித்தாள். "அண்ணா, மேல கொன்ஸ்ட் இருக்கு, உங்கடதில இல்லையே." கொன்ஸ்ட் என்பது, இந்த ஃபங்ஷன் பொருளின் தரவை மாற்றாது என்று சொல்லும் சொல். அந்த ஒரு சொல் இல்லாததால் என்னுடைய 'தொகை' மேலுள்ளதை மாற்றி எழுதவே இல்லை. அதே பெயரில் தனியாக இன்னொரு ஃபங்ஷனாக நின்று, மேலுள்ளதை மறைத்தது, அவ்வளவுதான். பட்டியல் வழியாக அழைத்தால் ஓடுவது அடிப்படை வகுப்பினுடையது. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கொம்பைலருக்கு இதில் பிழையே இல்லை. பெயர் ஒன்றானால் போதும் என்று நான் நம்பியிருந்ததுதான் பிழை.

சி பிளஸ் பிளஸின் 2011 தரத்தில் வந்த ஓவர்ரைட் (override) என்ற சொல்லை ஃபங்ஷனின் கடைசியில் சேர்த்தால், பொருந்தாத இடத்தில் கொம்பைலர் உடனே மறுத்துவிடும். ஜாவாவிலும் 2004 இலேயே இதற்கு ஒரு குறிப்பு வந்துவிட்டது. விருப்பமிருந்தால் போடலாம் என்று விட்டிருக்கிறார்கள். கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

கூடப் போன காசை வியாபாரி அடுத்தடுத்த சிட்டைகளில் கழித்தார். மீன்பிடிப் படகு வைத்திருக்கும் இரண்டு சம்மாட்டிமாரிடம் நானே கடற்கரை வாடிக்குப் போய் விளக்கம் சொன்னேன். அப்புறம் அன்றிரவே எல்லா வகுப்புகளிலும் ஓவர்ரைட் சேர்த்தோம். கொம்பைலர் இன்னும் இரண்டு இடங்களில் நின்றது. ஒன்று, மறுநாள் கொடுக்கவிருந்த கருவாட்டுக் கணக்கு.