வாலை விழுங்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மைக்கில் நான் செய்த முதல் அறிவிப்பால் நாற்பது பேர் வெயிலில் காய்ந்தார்கள். எழுதிக் கொடுத்தது ஒரே வாக்கியம்: "மருத்துவர் வர இயலாத காரணத்தால் நாளை காலை 8 மணிக்கு மண்டபத்தில் ஏற்பாடு செய்யப்பட்டிருந்த இலவசக் கண் பரிசோதனை நடைபெறாது." மண்டபம் வரைக்கும் கணீரென்று போனேன். கடைசிச் சொல்லுக்கு வரும்போது மூச்சு தீர்ந்துவிட்டது, அந்த 'றாது' தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கேட்டதெல்லாம் 8 மணி, மண்டபம், இலவசம். மறுநாள் வந்து நின்றவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துச் சமாதானம் சொன்னது அம்மா. நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

தமிழில் இது ஒரு தொல்லை. மலாய் மொழியில் 'இல்லை' என்று சொல்லும் 'திடாக்' வினைக்கு முன்னாலேயே வந்து உஷார்படுத்திவிடும். நமக்கோ நடக்குமா நடக்காதா என்பதே வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது, மூச்சு தீர்வதும் சரியாக அங்கேதான். அறிவிப்பாளராக ஆசைப்படும் பிள்ளைகள் ழகரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் வாலைக் கவனியுங்கள் என்பேன். தாளில் பென்சிலால் கோடு போடுங்கள், கடைசி மூன்று சொற்களுக்கு முன்னால் கட்டாயம் ஒரு கோடு, அங்கே மூச்சு. அதைவிட நல்லது வாக்கியத்தையே உடைப்பது: "நாளைக்குக் கண் பரிசோதனை இல்லை. மருத்துவரால் வர முடியவில்லை." எழுதிக் கொடுத்தவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

ழகரமும் முக்கியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. லகரத்துக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும், ளகரத்துக்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடும், ழகரத்துக்கு வளையும் ஆனால் எங்கும் தொடாது. தொட்டால் வாழைப்பழம் வாளைப்பளம்தான். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியைத் 'தமிழ்ப்பல்லி' விளையாட்டுப் போட்டி என்று ஒருவர் மூன்று முறை அறிவித்ததை நானே கேட்டிருக்கிறேன், யாரென்று சொல்ல மாட்டேன். ஆனால் ழகரத்தைப் பிடித்தவுடன் சிலர் அதை நகை மாதிரி காட்டிக்கொண்டே பேச ஆரம்பித்துவிடுவார்கள், அது இன்னும் மோசம்.

கோயில் மைக்கில் எனக்குப் பாடம் சொன்னவர் பக்கத்து வீட்டு மாமா, ஓய்வுபெற்ற கிராணி, தோட்டத்து எழுத்தர். அவர் பேச்சு ரொம்ப மெதுவாக இருக்கும், சிறுவயதில் கிண்டல் செய்வோம். காரணம் பிறகுதான் புரிந்தது. கோயில் வாசலில் ஒரு கூம்பு ஒலிபெருக்கி, திடல் கோடியில் இன்னொன்று. நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். அப்படியென்றால் 175 மீட்டர் தள்ளி இருக்கும் ஒலிபெருக்கியின் சத்தம், வாசலில் நிற்பவருக்கு அரை நொடி பிந்தித்தான் வந்து சேரும். வேகமாகப் பேசினால் ஒரு சொல்மேல் அடுத்த சொல் ஏறி உட்கார்ந்துவிடும். மாமா ஒவ்வொரு சொல்லும் இறங்கிப் போகும்வரை காத்திருந்தார், அவ்வளவுதான்.

அதே நடையோடு நான் ஒரு வானொலியில் பகுதிநேர வேலைக்குப் போனேன். முதல் நாளே தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "தம்பி, யாரைக் கூப்பிடுறீங்க, பக்கத்துத் தோட்டத்தையா?" என்றார். மைக்கை ஒரு சாண் தள்ளிவைத்து, நேராக ஊதாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பேசச் சொன்னார், அப்போதுதான் பகரம் 'டப் டப்' என்று வெடிக்காது. பதிவைப் போட்டுக் காட்டியபோது எனக்கே அருவருப்பு. நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் கேட்பதால் கனமாகத் தெரியும், பதிவில் அந்தக் கனம் இருக்காது, எல்லோருக்கும் அப்படித்தான் என்று தேற்றினார். குரல் பரவாயில்லை என்று பழகிக்கொண்டேன். சகிக்க முடியாதது, நான் செய்த அந்த 'வானொலிக் குரல்'. 'அன்பார்ந்த நேயர்களே' என்று ஒரு ராஜகம்பீரம், கோயில் மண்டபமே என் முன்னால் இருப்பது மாதிரி.

வழிக்குக் கொண்டுவந்தது பெரியம்மா. மலேசிய அரசின் தமிழ் வானொலியான மின்னல் பண்பலையை இன்றைக்கும் பழைய பெயரில் 'ரேடியோ ஆறு' என்றுதான் சொல்வார். ரப்பர் பால்மரம் வெட்டிய காலத்தில் விடியுமுன்னே வானொலியைப் போட்டுவிட்டு, தூக்கில் சோறு கட்டிக்கொண்டே அதோடு பேசுவாராம், "அப்படியா? சரி சரி" என்று. ஆயிரம் பேரை நினைக்காமல் அந்த அடுப்படியை மட்டும் நினைத்துப் பேசிப் பார்த்தேன். குரல் தானாக இறங்கியது. 'நேயர்களே' போய் 'பசியாறிட்டீங்களா' வந்தது.

போன திருவிழாவில் மைக் அக்கா மகள் கையில். வாசலை மறித்து நின்ற வெள்ளை மைவி காரை எடுக்கச் சொல்ல வேண்டும். எண்ணை இரண்டு இரண்டு இலக்கமாகப் பிரித்து, நிதானமாக, கடைசியில் "எடுத்துடுங்க அண்ணே, தேர் வெளியே வர முடியல" என்றாள். அந்த 'முடியல' திடல் கோடி வரைக்கும் கேட்டது. கடலை வண்டிப் பக்கமிருந்து ஒருவர் சாவியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஓடிவந்தார்.