மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல – இதுக்கு எந்த பட்டன அமுக்கறது?

போன வருஷம் எங்க கம்பெனி ஆப்பையும் வெப்சைட்டையும் புதுசா டிசைன் பண்ற வேலை என் தலைல விழுந்துச்சு. பெரிய கம்பெனிலாம் இல்ல, சென்னைக்குள்ள மட்டும் பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், கார்பெண்டர் அனுப்பற சின்ன ஆபீஸ். ஓனர் சொன்னது ஒரே வரி, "ஆப்ப டவுன்லோட் பண்றாங்க, ஆனா கடைசில போன் பண்ணித்தான் ஆள் கேக்கறாங்க, என்னன்னு பாருப்பா". நானும் ஐகான் பழசு கலர் பழசு அதான் பிரச்சனைன்னு நானே முடிவு பண்ணிட்டு ரெண்டு வாரம் ஃபிக்மாங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல உக்காந்து பளபளன்னு ஒண்ணு போட்டேன். இப்ப நெனச்சா சிரிப்பு வருது.

ஜேக்கப் நீல்சன்னு ஒருத்தர், ஆப் வெப்சைட்லாம் ஜனங்களுக்கு ஈசியா இருக்கான்னு ஆராயறவரு, 5 பேர்ட்ட குடுத்து பாத்தாலே பெரும்பாலான கோளாறு வெளிய வந்துரும்னு 2000லயே எழுதி வெச்சிருக்காரு. எனக்கு மொத ஆள்லயே வந்துருச்சு. நங்கநல்லூர்ல இருக்கற என் பெரியம்மா. போன கைல குடுத்து, "பெரியம்மா, மோட்டார் ஓடுது ஆனா மேல டேங்க்ல தண்ணி ஏறலன்னு வெச்சுக்கோங்க, இதுல ஆள வரச் சொல்லுங்க"ன்னேன். பாத்தாங்க பாத்தாங்க, பிளம்பர் படத்து மேல வெரல் போச்சு, எலக்ட்ரீஷியன் மேல போச்சு, திரும்ப வந்துச்சு. "ஏண்டா, என்ன கோளாறுன்னு எனக்கே தெரிஞ்சா நான் ஏன் ஆளக் கூப்பிடப் போறேன்?" அவ்ளோதான், போன கீழ வெச்சுட்டு காபி போடப் போயிட்டாங்க.

கேள்வி நியாயமானது தானே. தண்ணி வரலங்கறது மட்டும்தான் வீட்ல இருக்கறவங்களுக்கு தெரியும், அது யாரோட வேலைன்னு கண்டுபிடிக்கறது எங்க வேலை, அத நாங்க அவங்க தலைல கட்டி 14 ஐகானா அடுக்கி வெச்சிருந்தோம்.

அப்புறம் நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம், எங்க ஆபீஸ்ல போன் எடுக்கற அக்கா பக்கத்துல 4 நாள் நாற்காலி போட்டு உக்காந்தது. அந்தக்கா "என்ன சர்வீஸ் வேணும்"னு ஒரு தடவ கூட கேக்கல. "மோட்டார் சத்தம் வருதாம்மா? சம்ப்ல தண்ணி இருக்கான்னு மூடியத் தொறந்து பாத்தீங்களா?" இப்படித்தான். சத்தமே இல்லன்னா கரண்ட் வருதா, ஃபியூஸ் போச்சா, ஸ்டார்ட்டர் கோளாறான்னு பாக்கணும், அது எலக்ட்ரீஷியன். உம்முனு சத்தம் மட்டும் வந்து சுத்தலன்னா பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும் இல்லன்னா மோட்டார் ஜாம் ஆயிருக்கும், அதுக்கும் அவர்தான். நல்லா ஓடுது ஆனா ஏத்தலன்னா ஏர் லாக் (பைப்ல காத்து அடைச்சிக்கறது), ஃபுட் வால்வு (உறிஞ்சற பைப் அடில இருக்கற வால்வு)ன்னு பிளம்பர் பக்கம் போயிரும். சம்ப்லயே தண்ணி இல்லன்னா மோட்டார ஆஃப் பண்ணுங்க, லாரிக்கு சொல்லுங்கன்னு வெச்சுருவாங்க, ஆளே போக வேண்டாம். (இந்தக் கடைசி ஆப்ஷன ஆப்ல வெக்கறேன்னதும் ஓனர் மூஞ்சி போன போக்கு இருக்கே. விசிட்டிங் சார்ஜ் போகுதேன்னு. சண்டை போட்டுத்தான் வெச்சேன்.)

என்னோட பளபளாவ தூக்கிப் போட்டுட்டு அக்கா கேக்கற கேள்விய அப்படியே ஸ்க்ரீன் ஸ்க்ரீனா போட்டேன். மொத ஸ்க்ரீன்ல "தண்ணி வரல", "ஒழுகுது", "அடைச்சிக்கிச்சு", "கரண்ட் இல்ல", "ஏசி கூலாகல", அவ்ளோதான்.

தமிழ்ல போட்டது தனி கூத்து. மொழிபெயர்க்க வெளிய குடுத்தோம், 'குழாய்ப் பணியாளரை முன்பதிவு செய்க'ன்னு வந்துச்சு, எங்க பிளம்பரே படிச்சுட்டு இது யாருன்னாரு. புக்ங்கற எடத்துல 'ஆள் அனுப்புங்க'ன்னு வெச்சோம், ஆனா இங்கிலீஷுக்கு அளந்த பட்டன்ல தமிழ் அடங்காம ரெண்டு வரியா உடஞ்சுது, வெல கம்மியான போன்கள்ல 'கீ', 'லீ'க்கெல்லாம் மேல இருக்கற சுழி வெட்டுப்பட்டு நின்னுச்சு. வரி இடைவெளிய ஏத்தி, பட்டன் உயரத்தயும் கூட்டி சரி பண்ணேன். வெளிர் ஆரஞ்சு மேல வெள்ள எழுத்துங்கறது எங்க பிராண்ட் கலராம், எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், 4.5க்கு 1 இருக்கணும்னு காட்டி அதையும் கருநீலமா மாத்துனேன்.

அட்ரஸ் பத்தி தனியாவே ஒரு பதிவு போடலாம். சென்னைல பழைய நம்பர் புது நம்பர்னு ரெண்டு இருக்கும், 'அட்ரஸ் லைன் 1'ல எத போடுவீங்க? மேப்ல பின் வெச்சா பின்னாடி தெருவுல போய் நிக்கும். கடைசில "வீட்டுக்கு வழி சொல்லுங்க"ன்னு ஒரு மைக் பட்டன் வெச்சேன், பிள்ளையார் கோயில் தாண்டி ரெண்டாவது லெஃப்ட், பச்ச கேட்டுன்னு ஜனங்க பேசி அனுப்பிடறாங்க, எங்க ஆளுங்களுக்கு எல்லாத்த விட புடிச்சது இதான்.

இன்னொண்ணு ஓடிபி. ஆப் தொறந்ததுமே நம்பர் கேட்டோம், வயசானவங்க நெறைய பேருக்கு ஆப்ப போட்டுக் குடுத்ததே பெங்களூர்ல இருக்கற பையன், ஓடிபி அவன் நம்பருக்கு போகுது, அவன் மீட்டிங்ல இருக்கான். அத கடைசிக்கு தள்ளிட்டு, "வீட்ல யார் இருப்பாங்க, அவங்க நம்பர்"னு தனியா ஒரு கட்டம் வெச்சேன்.

வெப்சைட்ட பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. போன் வர்றது கொறையட்டும்னு நம்பர அடியில ஒளிச்சு வெச்சிருந்தோம், அத தூக்கி மேல வெச்சேன், மெதுவா லோட் ஆகற வீடியோவ தூக்கிட்டேன்.

எல்லாம் முடிச்சு திரும்ப பெரியம்மாட்ட குடுத்தேன். தண்ணி வரல, சத்தம் வருது, சம்ப்ல தண்ணி இருக்கு, நாளைக்கு காலைல, ஆள் அனுப்புங்க. ஒரு எடத்துலயும் நிக்கல. எனக்கு ஒரே பெருமை. அவங்க போன கைல வெச்சுட்டே, "சரி, இப்ப போன் பண்ணி சொல்லிரவா?"ன்னாங்க. அந்த ஸ்க்ரீன்ல இப்போ பெருசா 'நீங்க போன் பண்ண வேண்டாம், நாங்களே கூப்பிடுவோம்'னு போட்டிருக்கேன். போன வாரம் அவங்க வீட்டு சிங்க் அடைச்சிக்கிச்சு, ஆப்லதான் புக் பண்ணாங்க, அடுத்த நிமிஷம் அக்காவுக்கு போன் போயிருக்கு.