டார்ஸ் சோக்: அவசரப்பட்டுப் பூட்ட வேண்டாம்

ஜியு-ஜிட்சுவில், எதிராளியின் தலையை முன்னாலிருந்து கையால் வளைக்கும் ஃப்ரண்ட் ஹெட்லாக்கில் தலை கைக்குள் வந்ததுமே பாதிப் பேர் கழுத்தை முன்னாலிருந்து நெரிக்கும் கில்லட்டினுக்குத்தான் பாய்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் டார்ஸ் என்ற கழுத்து நெரிப்புதான் பிடிக்கும். கில்லட்டின் நழுவினால் பல நேரம் நாம் முதுகு தரையில் பட அடியில் கிடப்போம். டார்ஸ் நழுவினால் பெரும்பாலும் மேலேயே இருப்போம்.

ஜோ டார்ஸ் என்ற ஜியு-ஜிட்சு வீரரின் பெயரால் வழங்கும் பிடி இது. கை எதிராளியின் அக்குளுக்குள் நுழைந்து, தொண்டைக்கு அடியில் போய், கழுத்தின் மறுபக்கம் வெளியே வந்து நம் இன்னொரு கையின் பைசெப்ஸைப் பிடிக்கும். கழுத்துப் பக்கம் நுழைந்து அக்குள் வழியாக வெளியே வந்தால் அது அனகோண்டா என்ற வேறு பிடி.

நெரிப்பது நம் கை மட்டும் இல்லை என்பதுதான் இதில் விஷயமே. கழுத்தின் ஒரு பக்க ரத்தக்குழாயை நம் கை அழுத்தும், மறுபக்கத்தை அவருடைய சொந்தத் தோளே அழுத்தும். அந்தத் தோள் கழுத்தோடு ஒட்டவில்லை என்றால் எவ்வளவு முறுக்கினாலும் அவருக்குத் தாடைதான் வலிக்கும், நமக்கு முன்கை செத்துப்போகும், அவ்வளவுதான். அதனால் கை உள்ளே போனதும் பூட்டாதீர்கள். முதலில் உள்ளங்கையோடு உள்ளங்கை கோத்து இழுங்கள், நெஞ்சால் அவர் தலையை அமுக்கி முகவாயை மார்போடு மடக்குங்கள், தோள் உள்ளே வர வரக் கையை இன்னும் ஆழமாக விடுங்கள், பைசெப்ஸ் தானாக எட்டும்போது பூட்டினால் போதும். 2015-இல் எட்சன் பார்போசாவையும் 2016-இல் லாண்டோ வன்னாட்டாவையும் எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) வீரர் டோனி ஃபெர்குசன் இதில்தான் முடித்தார். அவருக்கு நீளக் கை, சரி. ஆனால் தலையை நன்றாக மடக்கினால் சுற்ற வேண்டிய தூரமே குறைகிறது, குட்டைக் கைக்காரருக்கும் எட்டும். (கை குட்டை என்று சொல்லித் தப்பிப்பவர்கள் எல்லாப் பயிற்சிக் கூடத்திலும் உண்டு.)

பூட்டிய பிறகு அவர் புரளப் பார்ப்பார். காலில் நம் காலைக் கொக்கி போட்டால் அது அவ்வளவு எளிதில்லை. அப்புறம் இடுப்பை இறக்கி, நெஞ்சின் எடையை அவர் தலைமேல் போட்டு, மெதுவாக இறுக்கினாலே போதும்.

பயிற்சியில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கை பூட்டுக்குள், இன்னொன்று உடம்புக்கு அடியில் என்று இரண்டுமே சிக்கியிருக்கலாம். காலால் தட்டினாலும் வாயால் சொன்னாலும் டேப்தான், அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். உடம்பு திடீரென்று தளர்ந்தால் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே விட்டுவிடுங்கள்.