பெயர் இல்லாத போத்தல்

செறிந்த சல்பூரிக் அமிலத்துக்கு நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்தால் கொதிக்கிற அளவுக்குச் சூடு வரும். ஆகவே அமிலத்தைத்தான் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், மறுவளமாக அல்ல. தரம் 10 பிள்ளைகளை நித்திரையால் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லுவார்கள். குணம் தெரிந்த பொருளோடு அதற்கேற்றபடி நடக்கலாம். என்னைப் பயப்படுத்துவது எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூட றாக்கையின் பின்வரிசையில் பெயர் உரிந்து நிற்கிற போத்தல்தான்.

வன்னியில் லேபலுக்கு ஆயுள் குறைவு. மாரி மழைக்குச் சுவரெல்லாம் ஈரம், பசை இளகும். மழை விட்டால் இராமபாணப் பூச்சி பசைக்காகவே கடதாசியை அரிக்கும். மிஞ்சியது சித்திரை வெயிலில் சுருண்டு விழும். போதாததற்கு நாங்களே செய்கிற ஒரு வேலையும் இருக்கிறது: ஐதரோகுளோரிக் அமிலத்தையும் அமோனியாவையும் ஒரே தட்டில் வைப்பது. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் இரண்டிலிருந்தும் ஆவி கசியும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் அமோனியம் குளோரைட்டு வெள்ளையாகப் படியும். கொஞ்ச நாளில் அந்தத் தட்டுப் போத்தல்கள் எல்லாம் மா பூசியதுபோல நிற்கும், எழுத்து ஒன்றும் தெரியாது. அகர வரிசையில் அடுக்குவதும் பார்வைக்குத்தான் அழகு. அசற்றோனும் அமோனியம் நைத்திரேற்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும்; ஒன்று இலகுவில் தீப்பற்றும், மற்றது அந்தத் தீயை வளர்க்கும்.

நான் லேபல் எழுதுவது பென்சிலால். பேனா மையை அமில ஆவி வெளிறப் பண்ணும். பென்சில் எழுத்து வெறும் கரி, அதை ஒன்றும் செய்யாது. பெயர், செறிவு, கரைசல் செய்த திகதி, செய்தவர் யார் என்று தடித்த கடதாசியில் எழுதி, வெறும் போத்தலில் ஒட்டிக் காயவிடுவேன். பிறகு விறாந்தையில் வைத்து மெழுகுதிரியை உருக்கி, பழைய தூரிகையால் லேபலுக்கு மேலேயும் அதைச் சுற்றிக் கண்ணாடியில் ஒரு விரல் அகலத்துக்கும் பூசுவேன். ஆறியதும் கொஞ்சம் மங்கும், ஆனால் வாசிக்கலாம். ஈரமும் பூச்சியும் உள்ளே போகாது. கரைசல் ஊற்றுவது அதற்குப் பிறகுதான். போத்தலைத் தூக்கும்போது லேபல் உள்ளங்கைப் பக்கம் இருக்க வேண்டும். வழிகிற துளி மற்றப் பக்கத்தால் இறங்கும்.

ஒரு விடுமுறையில் அலுமாரியை ஒதுக்கியபோது பெயரில்லாத போத்தல்கள் சில அகப்பட்டன. "மணந்து பார்த்தால் தெரியும்தானே" என்றார் கூட நின்றவர். மணக்கவும் இல்லை, தொட்டியில் ஊற்றவும் இல்லை. கிணறு கிட்டத்தான் இருக்கிறது. ஒன்றில் மூடியைச் சுற்றி மஞ்சள் பளிங்குகள். அது பிக்கிரிக் அமிலமாக இருந்து காய்ந்தும் போயிருந்தால், மூடியைத் திருகுகிற உராய்வே வெடிக்கப் போதும். அசைக்காமல் அறையைப் பூட்டி அதிபரிடம் சொன்னேன். தெரிந்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகும்வரை அந்தப் பக்கம் ஒருவரையும் விடவில்லை.

பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் கஷ்டப்படவில்லை. முகமாலைப் பக்கம் போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகும் மிதிவெடி அகற்றினார்கள். சிவப்புப் பலகையும் மண்டையோடும் இங்கே எல்லாருக்கும் தெரியும். தெரியாத பொருளைத் தொடாதே, கிட்டப் போகாதே, வந்து சொல் என்பது இவர்களின் அண்ணன், அக்காமார் படித்த பாடம். அதையே ஆய்வுகூடக் கதவிலும் ஒட்டியிருக்கிறேன். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: மண்டையோடு இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கையில் திரவம் சொட்டுகிற படம் அரிக்கும் பொருள், வெறும் சுவாலை தீப்பற்றும் பொருள், வட்டத்துக்கு மேலே சுவாலை ஒட்சியேற்றி, அதாவது தீயை வளர்க்கிற பொருள். கடைசி இரண்டையும் எப்போதும் குழப்புவார்கள். நானும் விடாமல் ஒவ்வொரு தவணையும் கேட்பேன்.

ஒருமுறை பீஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டுகிற அளவு, பார்ப்பதற்கு இரணைமடு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். ஒருவன் சோடாப் போத்தலில் வேறு என்னவோ கொண்டுவந்து நீட்டினான்.

"என்னடா இது?"

"அப்பான்ர புல்லு மருந்து ரீச்சர். இதுக்கும் பாப்பமெண்டு கொண்டு வந்தனான்."

ஆர்வத்தில் செய்த பிள்ளையை என்ன சொல்லி ஏசுவது? பரகுவாட் போன்ற பொல்லாத மருந்துகளை நாட்டில் தடை செய்தாயிற்று. குடிக்கிற போத்தலில் மருந்து ஊற்றி வைக்கிற பழக்கம் மட்டும் வயல்காரர் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பீஎச் பாடத்தை அப்படியே நிறுத்தினேன். வீட்டில் எந்தப் போத்தலில் அதன் பெயருக்குரிய பொருள் இல்லை என்று, திறக்காமல், அம்மா அப்பாவிடம் கேட்டு எழுதிவரச் சொன்னேன். சாராயப் போத்தலில் மண்ணெண்ணெய், தண்ணீர்ப் போத்தலில் பற்றரி அசிட், ஜாம் போத்தலில் எலிப் பாசாணம் என்று பட்டியல் நீண்டது. சில தாய்மாருக்கே அதைப் பார்த்தபிறகுதான் விசயம் தெரிந்ததாம்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈதர் 35 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் அந்தச் சூடு சாதாரணம். அதனால் அதை நாங்கள் வாங்குவதே இல்லை. செறிந்த அமோனியாவைக் காலையில், போத்தலைக் கொஞ்ச நேரம் குளிர்ந்த தண்ணீரில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் திறப்பேன். மத்தியானத்தில் திறந்தால் உள்ளே சேர்ந்த ஆவி மூக்குக்கு நேரே வரும்.

அப்புறம் தண்ணீர். கண்ணில் அமிலம் பட்டால் குறைந்தது 15 நிமிடமாவது ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். ஒரு வாளி அதற்குக் காணாது. தொட்டி நிரம்பாத நாளில் அமிலப் பரிசோதனை இல்லை என்று சொல்லிவிட்டேன். சோளகக் காலத்தில் கிணறு இறங்கிவிடும், பத்து மணிக்குப் பிறகு மோட்டர் காற்றைத்தான் இழுக்கும். ஆகவே செய்முறைப் பாடங்களைக் காலை முதல் இரண்டு பாடவேளைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதிபருக்குச் சம்மதம். நேரசூசி போடுகிற கணித சேர்தான் அந்த இரண்டு பாடவேளையையும் விடமாட்டேன் என்று நிற்கிறார்.