கோத்தகிரியில் ஒரு பகா எண்

31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2147483647. இது பகா எண் என்று 1772-இல் கணித மேதை ஆய்லர் நிறுவினார். அப்போது அவருக்குக் கண்பார்வை கிட்டத்தட்ட போய்விட்டிருந்தது!

நேராகச் சோதித்தால் அதன் வர்க்கமூலம், அதாவது 46,340 வரையுள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 4,800. ஆனால் இதை வகுக்கக்கூடிய பகா எண்ணை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 தான் வரும். அதனால் பார்க்க வேண்டியது 400-க்கும் குறைவு. எனக்கு இந்த எண்ணைவிட இப்படிச் சலித்தெடுப்பதுதான் பெரிய அழகு.

நேற்று மழையில் கரண்ட் போனதும் டியூஷன் பிள்ளைகளோடு சின்ன எண்களில் இதைப் பார்த்தோம். 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2047. பகா எண் மாதிரியே இருக்கும், ஆனால் 23 × 89. இரண்டையும் 11-ஆல் வகுத்தால் மீதி 1. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் அதை வகுக்கும் எண்கள் எப்போதும் இப்படித்தான், பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா கண்டது.

"அப்போ 13-க்கு, சார்?" என்றாள் ஒருத்தி. 8191. வர்க்கமூலம் 90 சொச்சம்; அதற்குள் 13-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்கள் 53, 79 இரண்டுதான். அவளே வகுத்தாள்: மீதி 29, 54. பகா எண்ணேதான்! எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் அத்தனை பேரும் கத்தினார்கள்.

இன்றைக்கு 17. பார்க்க வேண்டியவை 103, 137, 239, 307 மட்டும். கீழே யாராவது முயன்று பாருங்களேன்.